மண் வளர்த்த மாட்டினங்கள்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் தமிழில் உண்டு. பொன்னும் காசும் பெருகுவதற்கு முன்னர், ஒருவனுடைய தொழுவத்தில் நின்ற மாடுகளைக் கொண்டே அவனுடைய வளம் மதிக்கப்பட்டது. நிலத்தை உழுதது மாடு. கிணற்று நீரை இறைத்தது மாடு. களத்தில் கதிரை மிதித்து நெல்லைப் பிரித்தது மாடு. அந்நெல்லை வண்டியில் இழுத்துச் சந்தைக்குக் கொண்டு சென்றதும் மாடே. அதன் சாணம் வயலுக்கு எருவாயிற்று. அதன் பால் பிள்ளைகளுக்கு உணவாயிற்று. இத்தனை உதவிக்கும் நன்றி பாராட்டும் முகத்தான், பொங்கலுக்கு மறுநாளை மாட்டுக்கென்றே ஒதுக்கி, அதனைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு வண்ணம் தீட்டி, பொங்கலூட்டி மகிழும் வழக்கம் தமிழர் இல்லங்களில் நிலைபெற்றது.

ஆயினும், மாடு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் போதாது. சீரகச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா, கிச்சிலிச் சம்பா என நெல்லில் பல வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஏற்ற மண் உண்டு. தனித்த பயனும் உண்டு. அவ்வாறே மாட்டிலும் பல இனங்கள் உண்டு. ஒரு நிலப்பகுதியில் பல தலைமுறைகளாக வாழ்ந்து, நிறத்திலும் வடிவிலும் குணத்திலும் தம்முள் ஒத்து, அவ்வியல்புகளைத் தம் கன்றுகளுக்கும் வழுவாமல் தருகின்ற மாட்டுக் கூட்டத்தையே இனம் என்பர்.

ஓர் இனம் ஒரு நாளில் தோன்றிவிடுவதில்லை. அதனை உருவாக்குபவை மூன்று. முதலாவது, அது மேயும் நிலமும் அந்நிலத்தின் வெயிலும் மழையும். இரண்டாவது, அது செய்யும் தொழில். மூன்றாவது, எந்தக் காளையைப் பொலிகாளையாக நிறுத்துவது என்று தேர்ந்தெடுக்கும் உழவனுடைய கண். இம்மூன்றும் பல நூறு ஆண்டுகள் இயைந்து நின்றால்தான் ஓர் இனம் உருப்பெறும். இவற்றுள் ஒன்று மறைந்தாலும் அவ்வினம் தளரத் தொடங்கும். தமிழகத்து மாட்டினங்களின் வரலாறு இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது.

உலகத்து மாடுகளைத் திமில் உடையவை என்றும், திமில் இல்லாதவை என்றும் இரு பெரும் பிரிவாகப் பகுப்பர். இரண்டுக்கும் மூதாதையாய் விளங்கியது ஒருவகைப் பெரிய காட்டு மாடு. அக்காட்டு மாட்டின் கடைசி உயிர் போலந்து நாட்டுக் காடொன்றில் 1627-ஆம் ஆண்டில் இறந்தது. இன்று அதனை எலும்புகளிலும் பழைய குகை ஓவியங்களிலும் மட்டுமே காணலாம். திமில் உடைய மாட்டை மனிதன் முதன்முதலில் வீட்டு விலங்காக்கியது இந்தியத் துணைக்கண்டத்தின் வடமேற்குப் பகுதியிலே ஆகும். இன்றைய பலுசித்தானத்தைச் சேர்ந்த மெகர்கர் என்னுமிடத்தில், ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் மாடு வளர்த்தமைக்குச் சான்றுகள் கிடைத்துள்ளன. சிந்துவெளி முத்திரைகளில் உயர்ந்த திமிலும் தொங்கும் அலைதாடியும் உடைய காளை அழகுற வடிக்கப்பட்டிருப்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

திமில் உடைய மாடு வெப்பநாட்டு வாழ்வுக்கென்றே அமைந்தது. அதன் தோல் தளர்ந்து மடிந்து பரப்பு மிகுந்திருக்கும். மயிர் குட்டையாக இருக்கும். ஆதலின் உடற்சூடு எளிதில் வெளியேறும். கடும் வெயிலிலும் அது மேயும். காய்ந்த புல்லையும் வைக்கோலையும் தின்று உயிர் தாங்கும். இப்பொது இயல்புகளோடு, தமிழகத்தின் ஒவ்வொரு பகுதியும் தன் தேவைக்கு ஏற்ற தனி இயல்புகளையும் தன் மாட்டுக்கு அளித்தது.

கொங்கு நாட்டிலிருந்து தொடங்குவது பொருந்தும். அந்நாடு மழை குறைந்தது. மண்ணும் பெரும்பாலும் சரளை கலந்தது. ஆற்றுப்பாசனம் எட்டாத இடங்களில் உழவன் ஆழ்ந்த கிணறுகளையே நம்பினான். அக்கிணறுகளிலிருந்து நீரை இறைக்கக் கவலை என்னும் ஏற்றம் பயன்பட்டது. எருதுகள் இரண்டு சரிவான பாதையில் இறங்கி வடத்தை இழுக்க, நீர் நிறைந்த சால் மேலெழுந்து வாய்க்காலில் கொட்டும். எருதுகள் மீண்டும் பின்னோக்கி ஏறி வரும். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறும் வரையில் இவ்வேலை ஓயாது நடைபெறும். பெரும் பாரத்தைச் சலிக்காமல் இழுக்கும் மாடு அந்நாட்டுக்கு இன்றியமையாததாயிற்று. அத்தேவையே காங்கேயம் மாட்டை உருவாக்கியது.

காங்கேயம் காளை பார்ப்பவர் கண்ணைக் கவரும் தோற்றம் உடையது. திரண்ட உடல், உயர்ந்த திமில், குறுகி உறுதியான கழுத்து, வலிய கால்கள், பின்னோக்கி வளைந்து நுனிகள் ஏறக்குறைய ஒன்றையொன்று தொடவரும் நீண்ட கொம்புகள் ஆகியவை அதன் அடையாளங்கள். இவ்வினத்தின் கன்று பிறக்கும்பொழுது செந்நிறமாக இருக்கும். ஏறத்தாழ ஆறு திங்களில் அந்நிறம் மாறிச் சாம்பல் நிறம் படரும். காளை வளர வளரத் தலையும் திமிலும் முன்னங்காற் பகுதியும் கருமை ஏறும். இந்நிறவேறுபாடுகளைக் கொண்டு காரி, மயிலை, செவலை என்று உழவர் தம் மாடுகளைப் பெயரிட்டு அழைப்பர்.

காங்கேயம் மாட்டை வளர்த்ததில் கொரங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்துக்குப் பெரும் பங்கு உண்டு. இது பொதுப் புறம்போக்கு அன்று. உழவன் தன் சொந்த நிலத்தையே புல்லுக்கென விட்டு வைப்பது. சுற்றிலும் கிளுவை முள்ளால் உயிர்வேலி அமைப்பர். உள்ளே கொழுக்கட்டைப் புல் முதலிய புற்கள் தழைத்திருக்கும். இடையிடையே வெள்வேல மரங்கள் நிழல் தரும். அவற்றின் காய்கள் கோடையில் தீனியாகும். நிலத்தைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒன்றில் மேயவிட்டு மற்றொன்றில் புல் வளரவிடுவர். இந்நிலமும் இம்மாடும் ஒன்றையொன்று காத்தன. பழையகோட்டைப் பட்டக்காரர் மரபினர் தேர்ந்தெடுத்த பொலிகாளைகளைக் கொண்டு இவ்வினத்தைச் செம்மைப்படுத்திய செய்தியை, கால்நடைத்துறை நூல்கள் பாராட்டி உரைக்கின்றன. வெள்ளகோவிலை அடுத்த கண்ணபுரத்தில் மாரியம்மன் திருவிழாவையொட்டிக் கூடும் மாட்டுச் சந்தை இவ்வினத்துக்குப் பேர்பெற்றது.

கொங்கு நாட்டை விட்டுக் காவிரி கடலோடு கலக்கும் பகுதிக்கு வந்தால், நிலம் முற்றிலும் வேறாகும். அங்குத் தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. தண்ணீரும் சேறுமே சோதனை. முழங்காலளவு சேற்றில் இறங்கி உழவேண்டும். நெடிய கால்களும் பெருத்த உடலும் கொண்ட மாடு அங்கே புதைந்து திணறும். ஆதலின், நாகப்பட்டினம் மாவட்டத்து உம்பளச்சேரி என்னும் ஊரின் பெயரால் வழங்கும் சிறு மாடு அங்கே தோன்றியது. இதன் கால்கள் குட்டையானவை, உடல் கட்டானது, நடை விரைவானது. நெற்றியில் வெண்சுட்டியும், கால்களின் கீழ்ப்பகுதியில் வெண்மையும், வால் நுனியில் வெண்மையும் இதன் அடையாளங்கள். இதன் கன்றும் பிறக்கும்பொழுது செந்நிறமாக இருந்து பின்னர் சாம்பல் நிறம் பெறும்.

இவ்வினத்து எருதுகளின் கொம்பை இளமையிலேயே நீக்கிவிடும் வழக்கம் அப்பகுதியில் நெடுங்காலமாக இருந்து வந்தது. அதனால் இதற்கு மொட்டை மாடு என்ற பெயரும் உண்டு. பல ஏர்கள் ஒருங்கே பூட்டி உழும் வயலில் மாடுகள் ஒன்றையொன்று குத்தாமல் இருப்பதற்கு இவ்வழக்கம் உதவியது. கரையோரத்து உவர்நிலங்களில் விளையும் புல்லையும், அறுவடைக்குப் பின் நிற்கும் தாளையும் தின்றே இம்மாடு தன் வலிமையைப் பெற்றது.

மருதநிலத்தை விட்டு மலை ஏறினால், ஈரோடு மாவட்டத்து அந்தியூரை அடுத்துப் பர்கூர் மலைத்தொடர் நிற்கிறது. செந்நிற உடலில் வெண்திட்டுகள் சிதறிய பர்கூர் மாடு அம்மலைக்கு உரியது. மலைவாழ் உழவர் அம்மாடுகளைக் காட்டினுள் பட்டிகளில் அடைத்து வளர்ப்பர். பகலில் அவை காட்டில் மேயும். இரவில் பட்டிக்குத் திரும்பும். மனிதர் பழக்கம் குறைவாதலின் இவை எளிதில் மருளும், அயலாரை அணுகவிடா. ஆனால் பழக்கிவிட்டால், செங்குத்தான மலைப்பாதையில் சுமையோடு விரைந்து நடப்பதில் இவற்றுக்கு இணை இல்லை. ஆடித் திங்களில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தையில் இம்மாடுகள் விலைக்கு வரும். பட்டியில் சேரும் சாணமும் அம்மக்களுக்கு ஒரு வருவாய்.

வையை பாயும் மதுரை, சிவகங்கைச் சீமைகளின் மாடு புலிக்குளம் ஆகும். சிவகங்கை மாவட்டத்துப் புலிக்குளம் என்னும் ஊரின் பெயரால் இது வழங்குகிறது. இம்மாட்டைத் தொழுவத்தில் கட்டி வளர்ப்பது அரிது. நூற்றுக்கணக்கான மாடுகளை ஒரே மந்தையாகச் சேர்த்து, மேய்ச்சலை நாடி ஊர் ஊராக ஓட்டிச் செல்வர். அறுவடை முடிந்த வயலில் இரவு முழுதும் மந்தையை நிறுத்தி வைப்பதற்குக் கிடை போடுதல் என்று பெயர். மாட்டின் சாணமும் சிறுநீரும் நிலத்தில் நேரே கலந்து எருவாகும். அதற்கு நிலவுடைமையாளர் கூலி தருவர். இவ்வகையில் பாலும் உழைப்பும் தராத காலத்தும் இம்மாடு தன்னை வளர்ப்பவனுக்குப் பயன் தந்தது. துடிப்பும் சினமும் மிக்க இவ்வினத்துக் காளைகள் சல்லிக்கட்டில் பெயர் பெற்றவை. ஏறு தழுவும் வழக்கம் பழமையானது. கலித்தொகையின் முல்லைக்கலி அதனை விரிவாகப் பாடுகிறது.

ஒகேனக்கலை அடுத்த காவிரிக் கரையிலுள்ள ஆலம்பாடி என்னும் ஊரின் பெயரால் வழங்கும் மாடு மற்றோர் இனம். கருஞ்சாம்பல் நிறமும், நீண்ட கொம்பும், மைசூர்ப் பகுதியின் அள்ளிகார் மாட்டை ஒத்த தோற்றமும் உடையது இது. தருமபுரி, சேலம் பகுதி உழவர்கள் உழவுக்கும் வண்டிக்கும் இதனை விரும்பி வளர்த்தனர். இன்று இவ்வினத்தின் தூய மாடுகளைத் தேடித்தான் காணவேண்டும்.

இவ்வாறு கிணற்றுக்கு ஒரு மாடும், சேற்றுக்கு ஒரு மாடும், மலைக்கு ஒரு மாடும், மேய்ச்சற் பயணத்துக்கு ஒரு மாடும் என நிலமும் தொழிலும் வகுத்த இனங்கள் இன்று ஏன் குறைந்தன? யாரும் பகைகொண்டு இவற்றை அழிக்கவில்லை. இவை செய்துவந்த தொழிலே இவற்றின் கழுத்திலிருந்து மெல்ல மெல்லக் கழன்றது.

1932-ஆம் ஆண்டில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் மின்சாரம் கோவைச் சீமையின் ஊர்களை எட்டியது. பின்னர் கிணறுதோறும் மின்விசை இறைப்பான்கள் வந்தன. கவலை ஏற்றம் ஒவ்வொன்றாக நின்றது. அதனைத் தொடர்ந்து உழவுக்கு டிராக்டரும், சுமைக்கு லாரியும் வந்தன. உழவனுக்கு இவை பெரும் விடுதலையே; விடியுமுன் எழுந்து கிணற்று மேட்டில் நின்ற அவன் உடல் ஓய்வு பெற்றது. ஆனால், இழுப்பதற்கென்றே பிறந்த காளைக்கு இழுக்க ஒன்றும் இல்லாமற் போயிற்று.

அதே காலத்தில் நாட்டுக்குப் பால் வேண்டியிருந்தது. பெருகிவரும் மக்களுக்கு, சிறப்பாகக் குழந்தைகளுக்கு, பால் போதவில்லை. நாட்டு மாடுகள் உழைப்புக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவை ஆதலின், நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் அளவே பால் தந்தன. அயல்நாட்டு ஜெர்சி, பிரீசியன் இனங்களோடு கலந்து பிறந்த பசுக்களோ அதனினும் பன்மடங்கு தந்தன. 1950-51-ஆம் ஆண்டில் இந்தியாவின் பால் உற்பத்தி 1 கோடியே 70 லட்சம் டன். 2022-23-ஆம் ஆண்டில் அது 23 கோடி டன்னாக உயர்ந்தது. எருமைகளும், கூட்டுறவுப் பால் சங்கங்களும், கலப்பினப் பசுக்களும் சேர்ந்து இவ்வுயர்வைத் தந்தன. நிலமற்ற ஏழைப் பெண்கள் பலருக்குக் கலப்பினப் பசு ஒன்றே வாழ்வாதாரம். ஆகவே, கலப்பினத்தைப் பழிப்பது நன்றி மறத்தலாகும்.

எனினும், அந்நன்மைக்கு ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. அவ்விலையைச் சிறு கணக்கொன்றால் உணரலாம். நாட்டுப் பசு ஒன்றுக்கு, சிற்றூர் மக்கள் ‘சினை ஊசி’ என்று வழங்கும் செயற்கை முறையால் அயலினக் காளையின் விந்து செலுத்தப்படுகிறது. பிறக்கும் கிடாரியில் நாட்டு இனத்தின் பங்கு பாதி. அக்கிடாரிக்கும் அவ்வாறே செய்தால் அடுத்த தலைமுறையில் கால் பங்கு. அதற்கடுத்த தலைமுறையில் அரைக்கால். ஒரு தலைமுறைக்கு நான்கைந்து ஆண்டுகள் என்று கொண்டால், பதினைந்து ஆண்டுகளுக்குள் எட்டில் ஒரு பங்கே எஞ்சும். பல நூறு ஆண்டுகள் தேர்ந்து சேர்த்த இயல்புகள், பள்ளியில் சேர்ந்த சிறுவன் ஒருவன் இளைஞனாகுமுன் கரைந்துவிடுகின்றன. ஊரில் நல்ல நாட்டுப் பொலிகாளை ஒன்று நின்றால் இக்கரைவைத் தடுக்கலாம். காளைக்கு வேலை இல்லாதபொழுது அதனை யார் நிறுத்தி வைப்பர்?

2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 19 கோடிக்கு மேற்பட்ட மாடுகள் இருந்தன. அவற்றுள் அயலினமும் கலப்பினமும் 5 கோடிக்கு மேற்பட்டவை. முந்தைய கணக்கெடுப்போடு ஒப்பிட, இவை நூற்றுக்கு 26-க்கு மேல் பெருகியிருந்தன. நாட்டு மாடுகளோ நூற்றுக்கு 6 அளவில் குறைந்திருந்தன. நாட்டு மாடு என்ற தலைப்பின்கீழ் வருபவற்றிலும் பெரும்பகுதி எந்த இனத்தையும் சேராதவை என்பது கருதத்தக்கது.

பால் குறைந்த மாடு மறைந்தால் என்ன இழப்பு என்று சிலர் வினவக்கூடும். விதைநெல்லை உண்டுவிட்ட உழவனைப் போன்றது அவ்வினா. வயிறு இன்று நிறையும். அடுத்த மழைக்கு விதைக்க ஒன்றும் இராது. நாட்டு இனங்களிடம் உள்ள இயல்புகள் வெயிலைத் தாங்கும் ஆற்றல், உண்ணி முதலியவற்றை எதிர்க்கும் உறுதி, எளிய தீனியைக் கொண்டு வாழும் திறம் ஆகியன. உலகத்து வெப்பம் ஏறிவரும் இந்நாளில் அவ்வியல்புகளின் மதிப்பும் ஏறுகிறது. கோடை வெப்பத்தில் கலப்பினப் பசு இரைத்து நிற்கும்பொழுது, நாட்டுப் பசு நிழலையும் நாடாமல் மேய்வதைச் சிற்றூரார் நன்கறிவர்.

ஆந்திரக் கடற்கரையின் ஓங்கோல் மாடு இதற்கு ஒரு சான்று. அவ்வினத்துக் காளைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டிலும் கடல் கடந்து பிரேசில் நாட்டுக்குச் சென்றன. நெல்லூரின் பெயரால் ‘நெலோர்’ என்று அங்கு அவை வழங்கலாயின. அந்நாட்டு வெப்பத்தையும் பூச்சிகளையும் தாங்கி அவை பெருகின. இன்று பிரேசிலின் மாட்டுச் செல்வத்தில் பெரும்பகுதி அவற்றின் வழிவந்ததே. ஆனால் தாயகத்திலோ ஓங்கோல் மாடுகளின் தொகை சுருங்கிவிட்டது.

மறையும் நிலையிலிருந்த ஓர் இனத்தை மீட்கவும் முடியும் என்பதற்கு அண்டை மாநிலமான கேரளம் சான்று பகர்கிறது. கோட்டயம் மாவட்டத்து வெச்சூர் என்னும் ஊருக்குரிய பசு ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் உயரமே உடையது. வளர்ந்த பசுவின் முதுகு ஒரு சிறுவனின் மார்பளவே வரும். 1961-ஆம் ஆண்டில் அம்மாநிலத்தில் இயற்றப்பட்ட கால்நடை மேம்பாட்டுச் சட்டம், உரிமம் பெறாத காளைகளைக் கொண்டு இனப்பெருக்கம் செய்வதைத் தடுத்தது. பாலைப் பெருக்கும் நன்னோக்கமே அதற்குக் காரணம். ஆனால் ஊர்க்காளைகள் காயடிக்கப்பட்டன, கலப்பினம் பரவியது, வெச்சூர்ப் பசு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது.

1989-ஆம் ஆண்டில் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோசம்மா ஐப்பு அம்மையார், தம் மாணவர்கள் துணையோடு அப்பசுவைத் தேடப் புறப்பட்டார். கால்நடை மருத்துவம் பயின்ற அம்மாணவர்கள் ஊர் ஊராக, தொழுவம் தொழுவமாக அலைந்தனர். வழி எட்டாத மூலைகளில் எஞ்சியிருந்த ஒரு சில மாடுகளைக் கண்டுபிடித்து, மண்ணுத்தியிலுள்ள பல்கலைக்கழகப் பண்ணைக்குக் கொண்டு வந்தனர். எதிர்ப்பும் ஐயமும் எழுந்தன, அவர்கள் தளரவில்லை. அச்சிறு கூட்டத்திலிருந்தே வெச்சூர் இனம் மீண்டும் தழைத்தது. 2022-ஆம் ஆண்டில் அம்மையாருக்குப் பத்மசிறீ விருது அளிக்கப்பட்டது. மாணவர் சிலரின் கால்நடைப் பயணம் ஓர் இனத்தை மண்ணில் நிலைநிறுத்தியது என்பது எண்ணி மகிழத்தக்கதன்றோ?

இனங்களைக் காக்கும் முயற்சி இன்று பல வழிகளில் நடைபெறுகிறது. முதற்படி, எந்த இனம் எங்கே எவ்வளவு உள்ளது என்று அறிவது. 1984-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, அரியானா மாநிலத்துக் கர்னாலில் இயங்கும் தேசிய விலங்கு மரபுவள நிலையம் இனங்களை ஆய்ந்து பதிவு செய்கிறது. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் ஆகிய நான்கும் அப்பதிவில் இடம்பெற்றுள்ளன. ஓர் இனத்தில் கன்று ஈனத்தக்க பசுக்கள் 100-க்கு மேற்படாவிடினும், பொலிகாளைகள் ஐந்துக்கு மேற்படாவிடினும், அவ்வினம் மிக இடுக்கண் உற்றது என்று உலக உணவு வேளாண்மை நிறுவனம் அளவு வகுத்துள்ளது. பசுக்கள் பல இருந்தும் காளை அருகினால் இனம் அழியும் என்பதை இவ்வளவு உணர்த்தும்.

இரண்டாவது வழி, விந்தையும் கருவையும் நீர்ம நைட்ரசனில் வைத்துப் பேணுவது. சுழியத்துக்குக் கீழ் 196 பாகை குளிரில் அவை பல்லாண்டு கெடாமல் இருக்கும். மூன்றாவது வழி, பண்ணைகளில் இனத்தைத் தூய்மையாக வளர்ப்பது. திருத்துறைப்பூண்டியை அடுத்த கொருக்கையில் உள்ள அரசுப் பண்ணை உம்பளச்சேரி மாட்டைப் பேணுகிறது. பர்கூரில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அவ்வினத்தைக் காக்கிறது. காங்கேயத்தை அடுத்த குட்டப்பாளையத்தில் காங்கேயம் மாட்டுக்கென்றே ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளை தொண்டாற்றி வருகிறது.

ஆயினும், குளிர்க்கலத்தில் உறைந்திருக்கும் விந்து இனத்தின் விதையே தவிர, இனம் ஆகாது. மலைப்பாதையின் பழக்கமும், கொரங்காட்டின் புல்லும், நல்ல கன்றைக் கண்டு தேறும் உழவனின் அறிவும் குளிர்க்கலத்தில் அடங்கா. உழவனின் தொழுவத்திலும் மேய்ச்சல் நிலத்திலும் மாடு வாழவேண்டும். அதற்கு அவன் இழப்புக்கு ஆளாகாத வகை வேண்டும். இரண்டு லிட்டர் பால் தரும் பசுவை அன்பினால் மட்டும் வளர்க்கும்படி ஏழை உழவனைக் கேட்பது முறையன்று.

சல்லிக்கட்டு இதற்கு ஒரு விளக்கமாகும். உழவுக்கு வேண்டப்படாத காளைக்கன்றுகளை, பாண்டி நாட்டுச் சிற்றூரார் பலர் விற்காமல் வளர்ப்பதற்கு அவ்விளையாட்டே காரணம். 2014-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அதனைத் தடைசெய்தது. விலங்குகளுக்கு நேரும் துன்பமே காரணமாகக் கூறப்பட்டது. 2017-ஆம் ஆண்டில் இளைஞர் திரண்டு வேண்டியதன்பின் மாநிலச் சட்டத் திருத்தம் இயற்றப்பட்டது. 2023-ஆம் ஆண்டில் அச்சட்டத்தை நீதிமன்றம் ஏற்றது. காளையைத் துன்புறுத்தாமல் போற்றும் கடமை இதனால் வளர்ப்போருக்கு மிகுகிறதேயன்றிக் குறையவில்லை.

மேய்ச்சல் நிலமும் இவ்வாறே கருதத்தக்கது. 2024-ஆம் ஆண்டில் அந்தியூர், கோபிசெட்டிபாளையம் பகுதிக் காடுகள் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. காட்டு உயிர்கள் காக்கப்பட வேண்டியவையே. ஆனால், காட்டில் மேய்ந்தே உருவான பர்கூர் மாட்டுக்கு மேய்ச்சல் இல்லையேல் வாழ்வு இல்லை. புலியும் வாழ, பட்டியும் வாழ வழி காண்பது அறிஞர்க்கும் ஆள்வோர்க்கும் உரிய பொறுப்பாகும். கிடைக்கு எருக்கூலியும், நாட்டுப் பாலுக்குத் தக்க விலையும், ஊருக்கொரு நல்ல பொலிகாளையும் அமைந்தால், இம்மாடுகள் எவருடைய இரக்கத்தையும் எதிர்பாராமல் தம் உழைப்பாலேயே வாழும்.

பால் மிகுதியாக வேண்டுமிடத்தில் கலப்பினம் இருக்கட்டும். அதற்குரிய தீனியும் நீரும் மருத்துவமும் அங்கே உண்டு. வறண்ட காட்டிலும், உவர்ச் சேற்றிலும், மலைச் சரிவிலும் அம்மண்ணுக்குரிய மாடே நிற்கட்டும். இரண்டுக்கும் நாட்டில் இடம் உண்டு.

கொங்கு நாட்டுத் தொழுவம் ஒன்றில் இன்றும் செந்நிறக் கன்றொன்று பிறக்கிறது. ஆறு திங்களில் அது தன் முன்னோரின் சாம்பல் நிறத்தைத் தானே பூண்டுகொள்ளும். அந்நிறத்தை அதற்கு யாரும் தீட்டுவதில்லை. எண்ணற்ற தலைமுறைகள் அதன் குருதியில் எழுதிவைத்தது அது. அக்கன்று வளர்ந்து ஊரின் பொலிகாளையாய் நிற்குமா என்பதை மட்டும் மனிதரே முடிவு செய்கின்றனர். அம்முடிவை நாளை எடுக்கப்போகிறவர்கள் இன்று பள்ளியில் பயிலும் பிள்ளைகளே ஆவர்.